வர்றேன்

தூங்கவில்லை அது. தூங்குகிற மாதிரி கிடக்கிறது. என் மகன் தருணின் கட்டிலுக்கு அடியில், அவன் போட்டுக் கழித்த பனியன் ஒன்றை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, கண்ணை மூடிக் கிடக்கிறது. காது மட்டும் தூங்கவில்லை. வெளியே ஆடிக் காற்றில் நந்தியாவட்டைக் கிளை ஜன்னல் கம்பியில் உரசும்போதெல்லாம் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, பழைய இடத்துக்கு வருகிறது. இந்தத் தூக்கம் எனக்குப் பழக்கமானதுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மத்தியானங்களில் நானும் இப்படித்தான் தூங்குகிறேன். கண் மூடியிருக்கும், காது கேட்டில் இருக்கும், காப்பி நேரம் ஆகிவிட்டதா என்று உடம்பு தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும். ஹாலில் அவர் தூங்குவது வேறு ரகம். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை நெஞ்சின் மேலும் ஒரு கை சோபாவிலிருந்து தொங்கியபடியும். சோபா என்று சொல்வது பழக்கதோஷம். இது கடித்துப் பாதி பஞ்சு போன பிறகு அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் ஆறுச்சாமி வந்துவிடுவார். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனுஷன். காட்டுப்பன்றித் தொல்லையாம், துடியான நாய் ஒன்று வேண்டுமாம். இவர் போனிலேயே, “எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்” என்று முடித்துவிட்டார். என்னையும் கேட்டார். கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். “நாளைக்கு வந்து கூட்டீட்டுப் போறாங்க சுலோ, நீ என்ன சொல்ற?” என்று நேற்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். நான் என்ன சொல்கிறேன் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தெருமுனை வரைக்கும் போய்விட்டார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

புருனோ என்று பெயர் வைத்தது தருண். எனக்கு அது வாயில் நிற்கவில்லை, புருனா என்றுதான் வந்தது, அதற்கும் அது திரும்பிப் பார்த்தது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன். பெல்ஜியன் ஷெப்பர்டாம். போலீஸ்காரர்கள் வைத்திருக்கிற நாயாம். வெடிகுண்டு கண்டுபிடிக்குமாம். கோவைப்புதூரில் எங்கள் வீட்டில் என்ன வெடிகுண்டு இருக்கிறது என்று அன்றைக்கே கேட்டேன், அவன் சிரித்தான். உள்ளங்கையில் வைத்துக்கொள்கிற மாதிரி கொண்டுவந்தான், சாக்லேட் நிறத்தில், மூஞ்சி மட்டும் கரி பூசிய மாதிரி. அவன் இருந்தவரைக்கும் அதுவும் நாயாகத்தான் இருந்தது. விடிவதற்கு முன்னால் இரண்டு பேரும் மலையடிவாரம் வரைக்கும் ஓடிவிட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவன் நெதர்லாந்துக்குப் போன பிறகுதான் அது இயந்திரமாக மாறியது. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் போகிற குழாய், செடிக்குத் தண்ணீர் விடுகிற ஓஸ், மிதியடி, காரின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற ரப்பர், இவர் மூக்குக் கண்ணாடியின் ஒரு கால், எல்லாம் போயிற்று. அப்புறம் தோண்டுவது. கறிவேப்பிலைச் செடியைச் சுற்றித் தோண்டும், துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே தோண்டும், எல்லாவற்றையும்விட கேட்டுக்கு அடியில் தோண்டும். செம்மண் பின்னால் தெறித்து டைல்ஸில் விழ, முன்னங்கால் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போக, மூச்சுகூட விடாத மாதிரி ஒரு தோண்டல். இவர் மிளகாய்ப்பொடி தூவினார். அது தும்மிக்கொண்டே தோண்டியது. குழிக்குள் செங்கல்லைப் போட்டார், செங்கல்லை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டுத் தோண்டியது. யாரோ சொன்னார்கள் என்று அதன் பீயையே அள்ளிக் குழியில் போட்டு மூடினார். அது குழியை மாற்றிக்கொண்டது, நாங்கள்தான் ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். கம்பிவலை பதித்தார், நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, மறுநாள் அந்த வலை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கட்டிப் போட்டார். நாள் முழுக்கக் குரைத்தது, பக்கத்து வீட்டு டீச்சர் வந்து முகம் கோணாமல், “பையனுக்குப் பரிச்சைங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். இவரும் அதுவும் எதிரும் புதிருமாக நின்றார்கள். யோசித்துப் பார்த்தால் இவருக்கும் ரிட்டயர் ஆனதிலிருந்து வேலை இல்லை. மிக்சியைக் கழற்றினார், ஃபேனைக் கழற்றினார், கழற்றிய எதுவும் திரும்ப ஓடவில்லை. அவரை யாரும் தோப்புக்கு அனுப்பவில்லை.

நாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆள் ஒருவரை தருண்தான் அங்கிருந்தபடியே ஏற்பாடு பண்ணி அனுப்பினான். இடுப்பில் ஒரு பை, பையில் அவித்த கோழித் துண்டு, காலில் நல்ல ஷூ. அந்தத் தம்பி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தப்பு நாய் மேல இல்லீங்கம்மா” என்றார். அப்போதே இவருக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. “இது சும்மா இருக்கற ரகம் இல்லீங்க. ஓடணும், மோந்து பார்த்துத் தேடணும், மூளைக்கு வேலை வேணும். வேலை நீங்க குடுக்கலைன்னா அதுவா ஒரு வேலையத் தேடிக்கும். தோண்டறதை நிறுத்த முடியாதுங்க, இடத்தை வேணா மாத்தலாம். ஒரு மூலைல மணலைக் கொட்டி, உள்ள எலும்பைப் பொதைச்சு வைங்க, இது உன்ற இடம்னு பழக்குங்க. தோண்டினப்புறம் போய்த் திட்டாதீங்க, எதுக்குத் திட்டறீங்கன்னே அதுக்குத் தெரியாது.” நான் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டேன். எதுக்குத் திட்டுகிறார்கள் என்றே தெரியாமல் திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போகும்போது அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னார், அதுதான் மனதில் முள்ளாக நிற்கிறது. “சும்மா இருன்னு நாம சொல்றோம், சும்மா இருக்கறதும் ஒரு வேலைதானுங்கம்மா. அதையும் மெதுவாத்தான் கத்துக் குடுக்கணும்.” எனக்கு யார் கத்துக்கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடினேன். கோபி தாலூகா முழுக்க என்னைத் துரத்திப் பிடிக்க ஆளில்லை. இங்கே வந்து, விடிய எழுந்து, சமைத்து, துவைத்து, மிச்சம் இருக்கிற உடம்பை என்ன செய்வது என்று தெரியாமல் பாத்திரத்தை மறுபடியும் தேய்ப்பேன். மாமியார் உள்ளேயிருந்து, “ஏம்புள்ள இந்த உருட்டு உருட்டறே, சும்மா இருக்க மாட்டியா?” என்பாள். கற்றுக்கொண்டேன். இப்போது நன்றாக சும்மா இருக்க வருகிறது.

நானே அதை நடக்கக் கூட்டிக்கொண்டு போன நாட்கள் இருந்தன. இவர் மாட்டேன் என்றார், சரி, நான் போகிறேன் என்று சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டேன். முதல் நாள் அது என்னை இழுத்தது. மறுநாளும் இழுத்தது. அப்புறம் ஒருநாள், பால் பண்ணை தாண்டி ஆள் இல்லாத ரோட்டில், இழுக்கிற பக்கம் நானும் ஓடினேன். சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, இந்த வயதில், மூச்சு நெஞ்சில் குத்த ஓடினேன். அது திரும்பி என்னைப் பார்த்தது. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நீயா, உனக்கு இது வருமா, முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்கிற மாதிரி. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த ஒரு மாதம் வீட்டில் ஒரு குழி இல்லை, ஒரு செருப்பு போகவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. பிறகு ஒருநாள் ஒரு கீரிப்பிள்ளை குறுக்கே ஓட, அது பாய, நான் ஜல்லியில் விழுந்து முட்டி பெயர்ந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு இவர் சங்கிலியை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். “உன்னை எவன் அது கூட ஓடச் சொன்னது? ஊர்ல பார்த்தவன் என்ன நினைப்பான்?” முட்டி சரியாகிவிட்டது. சங்கிலி இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. அது ஓடாமல் விட்ட ஓட்டமெல்லாம் மறுபடி மண்ணுக்குள் போக ஆரம்பித்தது. இவரிடம் இதைச் சொன்னேன், சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனோ, எனக்கே இப்போதெல்லாம் எது வாயால் சொன்னது எது உள்ளுக்குள் சொன்னது என்று தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றுதான்.

போன வாரம் கேட்டடியில் தோண்டியது கொஞ்ச நஞ்சம் இல்லை. தூணின் அடிப்படை தெரிந்தது, கேட் ஒரு பக்கம் சாய்ந்தது, தொட்டிக்குத் தண்ணீர் வருகிற குழாய் உடைந்து தெருவெல்லாம் சேறு. இவர் சேற்றில் நின்று அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் நிற்கிறார் என்று நினைத்துத்தான் பக்கத்தில் போனேன். முகம் வெளுத்திருந்தது. “வாசல்ல குழி வெட்டுது சுலோ” என்றார், மெதுவாக. “நீளமா வெட்டுது பார்த்தியா?” வைகாசியில் இவருக்கு நெஞ்சு வலி வந்து, ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அதிலிருந்து பல்லி சொன்னாலும் நின்று கேட்கிறார். நாயாவது குழியாவது, குழாய்க்காரனைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானும் குழியைப் பார்த்தேன். நீளமாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் தோப்புப் பேச்சு வந்தது. தருணைக் கேட்டோம். “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குப்பா, ஆனா உங்க ஹெல்த்தான முக்கியம், நல்ல இடமாப் பார்த்துக் குடுத்துருங்க” என்றான். போகும்போது அவன் சொன்னது வேறு. ஆறு மாசத்தில் வீடு பார்த்து, ஊசி போட்டு, பேப்பர் எல்லாம் வாங்கி புருனோவையும் கூட்டிக்கொள்கிறேன் என்றான். கட்டிலுக்கு அடியில் இருப்பது கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறது. என்ன பார்க்கிறாய், எனக்கும் அதேதான் சொன்னான்.

“நான் வர்றேங்க்கா” என்று பின்கட்டிலிருந்து ராசாத்தி குரல் கொடுக்கிறாள். பாத்திரம் தேய்க்க வருகிறவள். சரி என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கட்டிலுக்கு அடியில் நகம் தரையில் பரபரவென்று சறுக்குகிற சத்தம். எழுந்துவிட்டது. தலை கட்டில் சட்டத்தில் இடிக்கிறது, கண் என் மேல் இல்லை, வாசல் பக்கம் இருக்கிறது. நான் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். ராசாத்தி செருப்பு மாட்டுவதுகூட இன்னும் கேட்கவில்லை, அவள் இன்னும் கிளம்பவே இல்லை, இதற்கு எப்படித் தெரிந்தது? கை அதன் கழுத்திலேயே இருக்க, மனது மட்டும் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. காலையில் பால்காரன் வந்தான், ஒன்றும் பேசாமல் பாக்கெட்டை மாட்டிவிட்டுப் போனான், இது கொட்டாவி விட்டது. சிலிண்டர் போடுகிறவன் வந்தான், போனான், ஒன்றும் இல்லை. ஆனால் இவருடைய அக்கா, என் நங்கையாள், வந்து சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு, கேட்டில் நின்று, “சரி, வர்றேன் சுலோ, வர்றேன் தம்பி, அப்ப வர்றேன்” என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனாளே, அன்றைக்குத்தான் குழாய் உடைந்தது. இவர் வங்கிக்குப் போகும்போது சொல்வார். நான் கோயிலுக்குப் போகும்போது சொல்வேன். ஓடிய அந்த மாதம்? அந்த மாதம் நாங்கள் இரண்டு பேரும்தான் சேர்ந்து கிளம்பினோம், யாரும் யாரிடமும் சொல்லவில்லை, இவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓடி வந்த பிறகு அது அசந்து தூங்கிவிடும், மற்றவர்கள் சொன்னது எதுவும் அதன் காதில் விழவில்லை. தருண் கிளம்பிய அன்றைக்கு டாக்ஸி நின்றது, பெட்டியை ஏற்றினான், அப்பா காலைத் தொட்டான், என்னைக் கட்டிக்கொண்டான், கடைசியாகக் கேட்டடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இதன் மூஞ்சியை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியை நெற்றியோடு வைத்து, “வர்றேன்டா” என்றான். கேட்டை வெளியிலிருந்து சாத்தினான். இது கீழே இருந்த சந்தில் மூக்கை வைத்து டாக்ஸி போகிற வரைக்கும் மோந்தது. அப்புறம் முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டியது. அதுதான் முதல் மண்.

சோதித்துப் பார்க்க பயமாக இருந்தது. ராசாத்தி போய், வீடு அடங்கி, இது மறுபடி பனியன் மேல் மோவாயை வைக்கிற வரைக்கும் காத்திருந்தேன். நாற்காலியை விட்டு எழவில்லை, சேலையைக்கூட சரிசெய்யவில்லை. பேப்பரில் இருப்பதைப் படிக்கிற மாதிரி, யாருக்கும் இல்லாத மாதிரி, “வர்றேன்” என்றேன். வில்லிலிருந்து போன மாதிரி போயிற்று. ஹாலைத் தாண்டி, இவர் தொங்கப் போட்டிருந்த கையை இடித்துக்கொண்டு, வாசல் வழியாக, கேட்டடிக்கு. காலையில் இவர் மூடி மிதித்து வைத்திருந்த மண் பறந்தது. எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது, பூட்டுக்குச் சாவி கிடைத்த சந்தோஷம். இவர் அலறிக்கொண்டு எழுந்து, செருப்பை எடுத்து வீசி, “போற அன்னைக்குமா?” என்று கத்த, இது மண் மூஞ்சியோடு ஓடிவந்து மறுபடி கட்டிலுக்கு அடியில் புகுந்தது. நான் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சொன்னேன். இந்த முறை வாயால்தான் சொன்னேன். “ஏனுங்க, அது எலிக்கும் தோண்டல, சூட்டுக்கும் தோண்டல. யாராச்சும் வர்றேன்னு சொன்னாத்தான் தோண்டுது. அந்த ஒரு வார்த்தைதானுங்க. அதை யாரும் சொல்லாம இருந்தாப் போதும், ஆறுச்சாமிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிருங்க.” கிண்டல் பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை. “சொல்லாம எப்படிப் புள்ள போறது?” என்றார். “வர்றவங்க எல்லாம் சொல்லிக்காம எந்திரிச்சுப் போறதுக்கு இது என்ன எழவு வூடா?”

அதுதான். எங்கள் அம்மா செத்த அன்றைக்கு, எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது, பழக்கத்தில் வாய் தவறி, “வர்றேன்” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அண்ணி என் தொடையில் கிள்ளினாள். இன்னும் அந்த இடம் தெரியும். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் போக வேண்டும். மற்ற எல்லா வீட்டிலும் போகிறேன் என்று சொல்லக்கூடாது, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நம் மனுஷர்கள் எல்லோருக்கும் அது போவதற்கான வார்த்தை, சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும், தெரிந்துகொண்டே தலையாட்டுவோம். இந்த நாய்க்கு மட்டும் யாரும் தலையாட்டச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ட்ரெயினர் தம்பியைக் கூப்பிட்டால் வழி சொல்வார். வர்றேன் என்று சொல்லுங்கள், போகாமல் அங்கேயே நில்லுங்கள், ஒரு துண்டு கோழி கொடுங்கள், மறுபடி சொல்லுங்கள், மறுபடி நில்லுங்கள், நூறு தடவை சொன்னால் அந்த வார்த்தையில் ஒன்றும் இல்லை என்று அதற்குப் பழகிவிடும் என்பார். பழகத்தான் பழகும். எனக்குப் பழகவில்லையா? ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் ஒரு துண்டு கோழி மாதிரி ஒரு சிரிப்பைக் காட்டி அவன் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறான்? இதையெல்லாம் எடுத்துச் சொல்லி இவரிடம் வாதாடலாம். ஆனால் இவர் கை நெஞ்சின் மேல் இருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லாமல் ஆட்கள் இந்தக் கேட்டைத் தாண்டிப் போவதை அவர் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பயந்த மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? போட்டிருக்கலாம். போடவில்லை. வெளியே வண்டி நிற்கிற சத்தம் கேட்டது.

ஆறுச்சாமி நல்ல மாதிரியான ஆள்தான், அதுவும் எரிச்சலாக இருந்தது. காதில் கடுக்கன், தோளில் துண்டு, கையில் ஒரு சீப்பு கதலி. கொண்டுவந்தது சின்ன டெம்போ, பின்னால் கம்பி வைத்து அடைத்திருந்தது. “கட்டிப் போடுவீங்களா?” என்று கேட்டேன். “பகல்ல கட்டித்தானுங்க்கா. ராத்திரில அவுத்துவுட்டா தோப்பையே ஒரு சுத்துச் சுத்தும்.” தோண்டும் என்றேன். “தோண்டட்டுமுங்க, பூராம் மண்ணுதான” என்று சிரித்தார். இவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் யாராலும் அதை வெளியே கொண்டுவர முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் கடைசி மூலைக்குப் போய்ப் பனியனைக் கவ்விக்கொண்டு உறுமியது. இந்த வீட்டில் அது யாரையும் பார்த்து உறுமியதில்லை. பிஸ்கட் காட்டினார்கள். கூப்பிட்டார்கள். இவர் கட்டிலை நகர்த்தினார், அது கட்டிலோடு நகர்ந்தது. ஆறுச்சாமி வண்டிக்குப் போய், நுனியில் சுருக்குப் போட்ட கயிறு கட்டிய நீளக் கம்பு ஒன்றை எடுத்துவந்தார். “கழுத்துல மாட்டி இழுத்தா வந்துருமுங்க, கொஞ்ச நேரம் முறுக்கும், அப்புறம் அடங்கிரும்” என்றார். அடங்கிவிடும். எனக்கு அந்தச் சொல் தாங்கவில்லை. கழுத்து நெரிந்து, கண் பிதுங்கி, தருண் கட்டிலின் அடியிலிருந்து அதை இழுத்துக்கொண்டு போவதை நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்தேன். பார்க்காமல் இருக்க ஒரு வழி எனக்குத் தெரியும். கேட்டைத் திறந்து வைத்து ஓரமாக நில்லுங்கள் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். குனிந்தேன். முட்டி வலித்தது. இருட்டுக்குள் இரண்டு கண். “வர்றேன்டா புருனா” என்றேன்.

ஓடியது. பனியனை விட்டுவிட்டு ஓடியது. நேராகக் கேட்டடிக்குப் போய், கேட் திறந்திருக்கிறது என்பதுகூடத் தெரியாமல், தெரு முழுக்க எதிரே கிடக்க, வழக்கமான இடத்தில் தலையைக் கவிழ்த்துத் தோண்டியது. ஆறுச்சாமி பின்னாலிருந்து சாவகாசமாகக் கழுத்தில் கயிற்றை மாட்டினார், அது கவனிக்கக்கூட இல்லை. நிமிர்ந்தபோது என்னைத்தான் பார்த்தது. கயிற்றைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கவில்லை. வர்றேன் என்று சொன்னவள் இன்னும் படியிலேயே நிற்கிறாளே என்று பார்த்தது. வண்டியில் ஏற்றும்போது சண்டை போடவில்லை. ஆறுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பரவால்லயேக்கா, நீங்க சொன்னபடி கேக்குதே” என்றார். பழத்தை என் கையில் கொடுத்தார். வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, முறைப்படி தலையை வெளியே நீட்டி, “அப்ப வர்றேனுங்க்கா, வர்றேனுங்கண்ணா” என்றார். பின்னால் தகரத்தில் நகம் பிராண்டுகிற சத்தம் கேட்டது. டெம்போ நகர்ந்தது, திருப்பத்தில் திரும்பியது, காற்று மறுபக்கம் அடிக்கிற வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இவர் உடனே சிமெண்ட் கலக்க ஆரம்பித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது மனுஷனுக்கு. நான் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். இன்றைக்குத் தோண்டியது ஒரு முழம்கூட இல்லை, ஓரத்தில் நகத்தின் தடம் வரி வரியாகத் தெரிந்தது, ஈரமாக இருந்தது. மேலே நின்று பார்த்தால் நீளமாகவும் இல்லை, சாவும் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். போன் அடித்தது. தருண். பின்னால் வெள்ளைச் சுவர், கழுத்தில் ஆபீஸ் அட்டை. “போயிட்டானாம்மா? ரொம்பப் படுத்தினானா?” இல்லை, நல்லபடியாகப் போனான் என்றேன். “நல்ல இடம்மா. அவனுக்கு அதுதான் சரி. வீட்டுக்குள்ள அவனால இருக்க முடியாது.” சரி என்றேன். முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தான், கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். பொங்கலுக்கு லீவு கிடைக்காது போல இருக்கிறது என்றான். அங்கேயே வீடு வாங்குவது பற்றிப் பேச்சு ஓடுகிறது என்றான். அப்புறம், எப்போதும் போல, அந்தச் சிரிப்பு. “சித்திரைல கண்டிப்பா வர்றேன்மா. என்ன, நம்ப மாட்டியா? வர்றேன்மா.” கால் கட்டைவிரலுக்குக் கீழே மண் இருந்தது. விரல் அதை அழுத்தியது, நான் சொல்லாமலே அழுத்தியது.

“சரி சாமி” என்றேன். “போ.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். இவர் சிமெண்ட் கரண்டியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “போயிட்டு வான்னு சொல்லு புள்ள” என்றார், “பெத்தவ வாய்ல இருந்து என்ன பேச்சு அது?” போனிலிருந்து, “என்னம்மா சொல்ற?” என்று கேட்டது. போனை இவர் கையில் கொடுத்துவிட்டு, கரண்டியை வாங்கிக் குழியை நானே மூடினேன்.